எக்ஸ்பிரஸென், ஜி.டி., க்வெல்ஸ்போஸ்டன்: ஸ்வீடனின் மாலை நாளிதழ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனுக்கு வந்து சேரும் நம்மவர்கள் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஸ்வீடிஷ், பெரும்பாலும் பெட்டிக்கடை வாசலில் நிற்கும் செய்திப் போஸ்டராகத்தான் இருக்கும். எழுத்து பெரியது, சொற்கள் குறைவு, விஷயம் காரமானது. அங்கிருந்துதான் சந்தேகங்களும் கிளம்புகின்றன. ஸ்டாக்ஹோமில் ஒரு பெயரில் பார்த்த பத்திரிகை கோதன்பர்க்கில் இன்னொரு பெயரிலும் மால்மோவில் மூன்றாவது பெயரிலும் கிடைக்கிறது. ஒரே கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

1. எக்ஸ்பிரஸென், ஜி.டி., க்வெல்ஸ்போஸ்டன் எல்லாம் வேறு வேறு பத்திரிகைகளா, ஒன்றேதானா?

இன்றைய நிலையில் ஒரே பத்திரிகை, மூன்று பெயர்கள். எக்ஸ்பிரஸென் ஸ்வீடன் முழுவதற்குமான மாலை நாளிதழ். தலைமை அலுவலகம் ஸ்டாக்ஹோமில். அதன் மேற்குப் பகுதிப் பதிப்பு ஜி.டி.; கோதன்பர்க்கை மையமாகக் கொண்டது. தெற்குப் பதிப்பு க்வெல்ஸ்போஸ்டன். மால்மோவை மையமாகக் கொண்டது. மூன்றும் பொன்னியர் என்ற ஊடகக் குழுமத்துக்குச் சொந்தம்.

ஆனால் 1998க்கு முன்பு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் "மூன்றும் வேறு வேறு" என்பதுதான் சரியான பதில். கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு இந்த ஆண்டுதான் காரணம். அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2. மாலைப் பத்திரிகை என்கிறீர்கள். காலையில் வேலைக்குப் போகும்போதே கடையில் இருக்கிறதே?

இருக்கும். பெயர்தான் மாலை. ஒரு காலத்தில் இந்தப் பத்திரிகைகள் நண்பகலுக்குப் பிறகு வெளிவந்தன. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் வழியில் வாங்கிக்கொள்வார். பிறகு வானொலியும் தொலைக்காட்சியும் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டன. பத்திரிகைகள் மெல்ல மெல்ல நேரத்தை முன்னுக்கு நகர்த்திக் காலைக்கே வந்துவிட்டன.

இன்று ஸ்வீடனில் "மாலைப் பத்திரிகை" என்ற சொல் நேரத்தைக் குறிப்பதில்லை. விற்கும் முறையைக் குறிக்கிறது. காலை நாளிதழ் என்றால் சந்தா கட்டி வீட்டுக்கு வரவழைப்பது. மாலை நாளிதழ் என்றால் கடையில் ஒவ்வொரு பிரதியாகக் காசு கொடுத்து வாங்குவது. இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சந்தா பத்திரிகைக்கு நாளைய வாசகர் யார் என்று இன்றே தெரியும். மாலைப் பத்திரிகை ஒவ்வொரு நாளும் வாசகரைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

3. டேப்லாய்டு என்றால் மட்டமான பத்திரிகை என்றுதானே பொருள்?

டேப்லாய்டு என்பது முதலில் தாளின் அளவு. பெரிய அகலத் தாளில் ஏறத்தாழ பாதி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் மூக்கில் இடிக்காமல் விரிக்கலாம். மதிப்புமிக்க காலை நாளிதழான டாகென்ஸ் நீஹெட்டர்கூட 2004இல் இந்த அளவுக்கு மாறிவிட்டது. அதற்காக அதை யாரும் மட்டம் என்று சொல்வதில்லை.

கேட்பவர் மனதில் இருப்பது அளவு அல்ல, தொனி என்று தெரியும். பரபரப்பு உண்டு, நடிகர்களின் திருமணமும் மணமுறிவும் உண்டு, உடல் எடைக் குறிப்புகள் உண்டு. அதே இதழில் கனமான பண்பாட்டுப் பக்கமும் தலையங்கமும் உண்டு. நாட்டின் பெரிய எழுத்தாளர்கள் அங்கே சண்டை போட்டுக்கொள்வார்கள். இந்த விசித்திரக் கலவை ஸ்வீடிஷ் மாலைப் பத்திரிகைகளின் தனிக்குணம். 16ஆம் கேள்வியைப் பார்த்தால் அது விளங்கும்.

4. எக்ஸ்பிரஸெனை யார் தொடங்கினார்கள், எப்போது?

முதல் இதழ் வந்த நாள் 1944 நவம்பர் 16. தொடங்கியவர்கள் மூவர். பணமும் பதிப்பகப் பின்புலமும் கொண்ட ஆல்பர்ட் பொன்னியர் இளையவர். படப் பத்திரிகை நடத்தித் தேர்ந்த கார்ல்-ஆடம் நீகோப். புலமையும் கூர்மையான பேனாவும் கொண்ட ஈவார் ஹாரியெ. முதல் ஆசிரியர் ஹாரியெ. 1960 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

காலத்தைக் கவனியுங்கள். உலகப் போர் இன்னும் முடியவில்லை. ஸ்வீடன் நடுநிலை நாடு. ஆனால் பக்கத்து நாடான நார்வேயும் டென்மார்க்கும் ஜெர்மனியின் பிடியில். ஸ்டாக்ஹோமின் பெரிய மாலைப் பத்திரிகையாக இருந்த ஆஃப்டன்பிளாடெட் போர்க்காலத்தில் ஜெர்மனியின் பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கு எதிராக, நாஜிகளை வெளிப்படையாக எதிர்க்கும் தாராளவாத மாலைப் பத்திரிகை ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் எக்ஸ்பிரஸென். வியாபாரக் கணக்கும் கூடவே இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

5. முதல் இதழில் என்ன செய்தி வந்தது?

ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல் திர்ப்பிட்ஸ் மீது குண்டு வீசிய விமானக் குழுவினரின் பேட்டி. அந்தக் கப்பல் வட நார்வேயில், நவம்பர் 12 அன்று, அதாவது நான்கே நாட்களுக்கு முன்புதான் பிரிட்டிஷ் விமானங்களின் குண்டுகளால் கவிழ்ந்திருந்தது.

முதல் நாளே பத்திரிகையின் சுபாவம் தெரிந்துவிட்டது. "கப்பல் மூழ்கியது" என்பதை எல்லோரும் போடுவார்கள். குண்டு வீசியவனையே பேச வைத்தால் அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் உண்டு.

6. பத்திரிகையின் சின்னம் ஏன் குளவி?

கொட்டும் என்பதால். வேறு பெரிய தத்துவம் தேட வேண்டாம். சினிமா விமர்சனங்களில் நட்சத்திரங்களுக்குப் பதில் குளவிகளைத்தான் கொடுப்பார்கள். ஐந்து குளவி என்றால் மிக நல்ல படம். போட்டியாளரான ஆஃப்டன்பிளாடெட் கூட்டல் குறி போடுகிறது. பட விளம்பரங்களில் குளவிகளும் கூட்டல் குறிகளும் வரிசையாக நிற்பதைக் கண்டு "இது என்ன பூச்சிமருந்து விளம்பரமா" என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு.

7. ஆஃப்டன்பிளாடெட்தான் பழையது, எக்ஸ்பிரஸென் அதைப் பார்த்து வந்தது என்கிறார்களே?

பழையது என்பது உண்மை. ஆஃப்டன்பிளாடெட் 1830இல் லார்ஸ் யோஹான் யெர்தா என்பவரால் தொடங்கப்பட்டது. அன்று அரசருக்கு ஒரு பத்திரிகையின் வெளியீட்டு உரிமையையே பறிக்கும் அதிகாரம் இருந்தது. தடை வந்ததும் யெர்தா "இரண்டாவது ஆஃப்டன்பிளாடெட்" என்று பெயரிட்டு மறுபடி கொண்டுவந்தார். அதற்கும் தடை வந்ததும் "மூன்றாவது". இப்படி எண்ணைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் சட்டம்தான் சலித்துப்போனது.

ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்ததா என்றால், அதை எதிர்த்து வந்தது என்பதே சரி (4ஆம் பதில்). 1956இல் ஆஃப்டன்பிளாடெட்டைத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வாங்கியது. அன்று முதல் அதன் தலையங்கம் சமூக ஜனநாயகக் கட்சியின் பக்கம். ஆக ஒரு பக்கம் தொழிலாளர் இயக்கத்தின் மாலைப் பத்திரிகை, மறுபக்கம் தாராளவாத மாலைப் பத்திரிகை. ஒரே கடைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்து.

8. ஜி.டி. 1902இல் தொடங்கியது என்று போட்டிருக்கிறது. தலைமைப் பத்திரிகையே 1944தானே? கிளை எப்படி மரத்துக்கு முன் முளைத்தது?

மிக நல்ல கேள்வி. தேதியை யாரும் தவறாக அச்சடிக்கவில்லை. ஜி.டி. என்பது "யோத்தெபோர்க்ஸ்-டிட்னிங்கன்" என்பதன் சுருக்கம். "கோதன்பர்க் செய்தித்தாள்" என்று பொருள். அது பிறக்கும்போது யாருக்கும் பதிப்பு அல்ல, முழு முதல் பத்திரிகை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் சொந்தப் பெயரில் வாழ்ந்துவிட்டுத்தான் எக்ஸ்பிரஸெனின் பதிப்பானது. தாயைவிட மூத்த பிள்ளை. தத்துக்கொடுக்கப்பட்ட பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோதன்பர்க் துறைமுக நகரம். கப்பல் கட்டும் தளங்கள், வால்வோ, மீன்சந்தை, இரண்டு முறை ஐரோப்பிய யூஃபா கோப்பையை (1982, 1987) வென்ற கால்பந்து அணி. இத்தனையும் கொண்ட ஊர் தலைநகரத்துப் பத்திரிகை சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காது. ஸ்டாக்ஹோம்காரர்களைக் கிண்டல் செய்வது அங்கே ஒரு விளையாட்டு மாதிரி. அந்த மனநிலையின் அச்சு வடிவம்தான் ஜி.டி.

9. க்வெல்ஸ்போஸ்டன் கதையும் அப்படித்தானா?

ஏறத்தாழ. 1948இல் மால்மோவில் பிறந்தது. பெயருக்கு "மாலை அஞ்சல்" என்று பொருள், சுருக்கமாகக் கே.வி.பி. தென்பகுதியின் பெரிய காலை நாளிதழான ஸிட்ஸ்வென்ஸ்கா டாக்ப்ளாடெட்டின் வீட்டுப் பிள்ளை அது.

தென்முனையான ஸ்கோனே 1658 வரை டென்மார்க்குக்குச் சொந்தமான நிலம். பேச்சு வழக்கு வேறு, முகம் பார்க்கும் திசையும் வேறு. மால்மோவிலிருந்து ஸ்டாக்ஹோம் 600 கிலோமீட்டருக்கு மேல். கோபன்ஹேகனோ கடலுக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. 2000இல் பாலமும் வந்துவிட்டது. தலைநகரத்தில் எந்த அமைச்சர் தும்மினார் என்பதைவிடக் கோபன்ஹேகன் ரயில் தாமதமா என்பது அங்கே பெரிய செய்தி.

10. நூலகத்தில் "இடாக்" என்று ஒரு பத்திரிகையைப் பார்த்தேன். அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1990களின் தொடக்கத்தில் ஜி.டி.யும் க்வெல்ஸ்போஸ்டனும் இணைக்கப்பட்டன. ஸ்டாக்ஹோமின் இரண்டு பெரிய மாலைப் பத்திரிகைகளை எதிர்த்து நிற்க, மேற்கும் தெற்கும் சேர்ந்து ஒரே பலமான பத்திரிகை. காகிதத்தில் பார்த்தால் அருமையான திட்டம். பெயர் விஷயத்தில்தான் சறுக்கினார்கள். கோதன்பர்க் பெயரை வைத்தால் மால்மோ கோபிக்கும், மால்மோ பெயரை வைத்தால் கோதன்பர்க் கோபிக்கும். ஆகவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரை வைத்தார்கள்: "இடாக்", அதாவது "இன்று".

யாருக்கும் சொந்தமில்லாத பெயரை யாரும் சொந்தமாக நினைக்கவில்லை. 1995இல் அதைக் கைவிட்டுப் பழைய இரண்டு பெயர்களையும் மீட்டுக் கொண்டுவந்தார்கள். கடைக்குப் போகிறவர் "ஜி.டி. ஒன்று கொடுங்கள்" என்று பல்லாண்டுகளாகச் சொல்லிப் பழகியவர். "இன்று ஒன்று கொடுங்கள்" என்று அவர் வாய் வரவில்லை. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். அந்த ஆண்டுகளில் ஸ்வீடனே கடும் பொருளாதார நெருக்கடியில் இருந்தது. ஆனாலும் பெயரைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

11. சரி, 1998இல் என்னதான் நடந்தது?

இரண்டு பத்திரிகைகளும் எக்ஸ்பிரஸெனோடு இணைந்தன. முன்பு நடந்ததிலிருந்து பாடம் படித்திருந்தார்கள். உள்ளடக்கத்தை ஒன்றாக்கினார்கள், பெயர்ப்பலகையைத் தொடவில்லை. கோதன்பர்க்கில் ஜி.டி. ஜி.டி.யாகவே இருந்தது, மால்மோவில் க்வெல்ஸ்போஸ்டன் அப்படியே. எக்ஸ்பிரஸென் என்ற பெயர் அவற்றோடு ஒட்டிக்கொண்டது.

இணைப்புக்கான காரணம் எளிது. விற்பனை குறைந்துகொண்டே வந்தது. நிருபர், அச்சு, விநியோகம் மூன்றும் செலவு. வெளிநாட்டுச் செய்தியையும் ஒலிம்பிக்ஸையும் மூன்று முறை எழுத மூன்று பேருக்குச் சம்பளம் கொடுப்பது கட்டுப்படியாகவில்லை. வேலை இழந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தந்திருக்காது என்பதும் உண்மை.

12. மூன்றிலும் ஒரே செய்திதான் வருகிறது, பெயரை மட்டும் மாற்றி ஏமாற்றுகிறார்கள் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை. நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஸ்டாக்ஹோமில் ரயில் ஏறும்போது எக்ஸ்பிரஸென் வாங்கினேன். மால்மோவில் இறங்கியதும் அதே நாளின் க்வெல்ஸ்போஸ்டனை வாங்கி, நடைமேடை பெஞ்சில் இரண்டையும் அருகருகே விரித்தேன். சினிமா விமர்சனம் அதே எழுத்து, அதே மூன்று குளவிகள். வெளிநாட்டுப் பக்கம் அதே படம். குறுக்கெழுத்துக் கட்டமும் அதேதான். ரயிலில் பாதி நிரப்பியிருந்ததால் உடனே தெரிந்துவிட்டது. ஆனால் முதல் பக்கம் வேறு. விளையாட்டுப் பக்கங்கள் மால்மோ அணியோடு தொடங்கின. உள்ளே பல பக்கங்கள் தெற்கத்திச் செய்திகள், ஸ்டாக்ஹோம் இதழில் அவற்றின் சுவடே இல்லை.

இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். 2002இல் மால்மோ துறைமுகத்தின் அடையாளமாக இருந்த 138 மீட்டர் உயரப் பாரந்தூக்கி, கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்துடையது, பிரிக்கப்பட்டுக் கொரியாவுக்குக் கப்பலேறியது. ஒரு டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஊர் மக்கள் கரையில் நின்று பார்த்து அழுதார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். ஸ்டாக்ஹோம் வாசகருக்கு அது ஒரு பழைய இயந்திரம். மால்மோவில் அப்பா அதன் நிழலில் வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. ஒரே முதல் பக்கத்தால் இந்த இரண்டு பேரிடமும் பேச முடியாது.

13. நம்முடைய நாளிதழ்களின் மதுரைப் பதிப்பு, கோவைப் பதிப்பு போலத்தானே?

செயல்படும் விதம் ஒன்றுதான்: பொதுப் பக்கங்கள், ஊர்ப் பக்கங்கள், ஊருக்கேற்ற முதல் பக்கம். பிறப்பு வேறு. நம் ஊரில் பெரும்பாலும் ஒரே பத்திரிகை வளர்ந்து ஊர் ஊராகப் பதிப்பு போடும். பெயர் எங்கும் ஒன்றே. இங்கே மூன்று தனிப் பத்திரிகைகள் சுருங்கி ஒன்றாயின. அதனால்தான் பெயர்கள் மூன்று. ஆலமரம் விழுது விட்ட கதை அல்ல இது. மூன்று மரங்களை ஒரே வேலிக்குள் கொண்டுவந்த கதை.

14. கடை வாசல் போஸ்டரில் நான் இருக்கும் சிற்றூரின் பெயர் எப்படி வருகிறது? எங்களைப் பற்றி அவ்வளவு செய்தியா?

அந்தப் போஸ்டருக்கு "லோப்செடெல்" என்று பெயர். கடையில் ஒவ்வொரு பிரதியாக விற்கும் பத்திரிகைக்கு (2ஆம் பதில்) அதுதான் கடைவீதிக் குரல். நான்கைந்து சொற்களுக்குள் நடந்துபோகிறவரை நிறுத்த வேண்டும். நம் டீக்கடைப் போஸ்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஊர்ப் பெயர் வருவதன் ரகசியம் வருமானவரி. ஸ்வீடனில் ஒருவருக்கு வரித்துறை முடிவுசெய்த வருமானம் பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். மாலைப் பத்திரிகைகள் அந்தப் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து "இந்த ஊரில் அதிகம் சம்பாதிப்பவர்கள், முழுப் பட்டியல்" என்று போடும். போஸ்டரும் ஊருக்கு ஏற்ப மாறும். உள்ளே உங்கள் ஊருக்குக் கிடைப்பது ஒரு பத்தியாகக்கூட இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் அதில் இருக்குமோ என்ற அரிப்பு இருக்கிறதே, அதற்குத்தான் காசு. முதல் ஆண்டு நானும் வாங்கினேன். தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

15. எக்ஸ்பிரஸென் எந்தக் கட்சிப் பத்திரிகை?

எந்தக் கட்சியும் இல்லை. தன்னைச் சுயேச்சையான தாராளவாதப் பத்திரிகை என்று அறிவித்துக்கொள்கிறது. அந்த அடைமொழி தலையங்கப் பக்கத்துக்கு மட்டும்தான். செய்திப் பக்கம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. ஸ்வீடிஷ் பத்திரிகைகள் எல்லாமே இப்படித் தலையங்க நிறத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

16. ஒரு குழந்தைக் கதை எழுத்தாளர் இதில் எழுதிய கதையால் அரசாங்கமே கவிழ்ந்தது என்கிறார்களே?

ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேனைச் சொல்கிறார்கள். 1976இல் அவருக்கு வந்த வரிக் கணக்கின்படி, கூடுதலாக ஈட்டும் ஒவ்வொரு 100 குரோனாருக்கும் 102 குரோனார் கட்ட வேண்டியிருந்தது. சுயதொழில் செய்வோருக்கான கட்டணமும் வருமானவரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதன் விளைவு. அவர் கோபத்தைக் கதையாக்கினார். மோனிஸ்மேனியா என்ற கற்பனை நாட்டில் பொம்பெரிபொஸா என்ற எழுத்தாளர் வரி கட்டிக் கட்டி ஓட்டாண்டியாவதுதான் கதை. மார்ச் 3 அன்று எக்ஸ்பிரஸென் அதை வெளியிட்டது.

நிதி அமைச்சர் குன்னார் ஸ்ட்ரெங் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்: இலக்கியத் திறமை இருக்கிறது, வரிக் கொள்கை தெரியவில்லை என்ற பாணியில். லிண்ட்கிரேன் விடவில்லை. அமைச்சருக்குக் கதை சொல்ல வருகிறது, கணக்குத்தான் வரவில்லை. நாங்கள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த இலையுதிர்காலத் தேர்தலில், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சியை இழந்தது.

கதையால் மட்டுமே கவிழ்ந்தது என்பது மிகை. அணுமின் நிலையங்கள் பற்றிய விவாதம் அந்தத் தேர்தலில் மிகப் பெரியது. லிண்ட்கிரேன் அதே கட்சியின் ஆதரவாளர் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் அடி வலித்தது. அமைதியான காலைப் பத்திரிகையின் உள்பக்கத்தில் அந்தக் கதை வந்திருந்தால் இத்தனை பேர் படித்திருப்பார்களா என்பது என் சந்தேகம். 3ஆம் பதிலில் சொன்ன கலவைக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

17. வெளிநாட்டவரைத் துரத்தச் சொல்லிப் போஸ்டர் போட்ட பத்திரிகையும் இதுதானா? அப்புறம் என்ன தாராளவாதம்?

ஆம், இதுதான். 1993 செப்டம்பரில், குடியேறிகள் பற்றிய கருத்துக்கணிப்பு ஒன்றை வைத்து, "அவர்களைத் துரத்துங்கள்" என்று பெரிய எழுத்தில் போஸ்டர் போட்டார்கள். ஸ்வீடிஷ் மக்களின் எண்ணம் இது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. நடந்துபோகிறவர் கண்ணில் விழுவது பெரிய எழுத்து மட்டும்தான் என்பது போஸ்டர் எழுதுகிறவருக்குத் தெரியாததா? கண்டனம் வெடித்தது, நாஜி எதிர்ப்பில் பிறந்த பத்திரிகை (4ஆம் பதில்) இப்படிச் செய்ததே என்பதுதான் பலருக்கும் தாங்கவில்லை. ஆசிரியர் எரிக் மோன்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

மழுப்பாமல் சொல்கிறேன்: அது தவறி விழுந்த சொல் அல்ல. தினமும் வாசகரைப் புதிதாகப் பிடித்தாக வேண்டிய வியாபாரம் எங்கே வழுக்கும் என்பதற்கு அது பாடநூல் உதாரணம்.

18. ஜி.டி.யில் தவறாக எழுதினால் வழக்கு யார்மீது? நிருபர்மீதா, ஸ்டாக்ஹோம்மீதா?

இரண்டும் இல்லை. ஸ்வீடனின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் 1766இல் முதன்முதலாக வந்தது. அது இன்று அரசமைப்பின் பகுதி. அதன்படி ஒவ்வொரு பத்திரிகைக்கும் "பொறுப்பு வெளியீட்டாளர்" ஒருவர் உண்டு. அவர் பெயர் ஒவ்வொரு பிரதியிலும் அச்சிடப்பட வேண்டும். குற்றப் பொறுப்பு அவர் ஒருவருக்கே. "நான் ஊரில் இல்லை, அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை" என்று அவர் தப்பிக்க முடியாது. நிருபர் சிக்குவதும் இல்லை. ஆகவே உங்கள் கையில் இருக்கும் இதழில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இத்தகைய வழக்குகளில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி உட்காரும். குற்றம் என்று சொல்ல குறைந்தது ஆறு பேர் வேண்டும்.

நீதிமன்றம் வரை போக மனமில்லாதவர்களுக்கு ஊடக ஒம்புட்ஸ்மன், அதாவது ஊடகங்கள்மீதான புகார்களை விசாரிப்பவர், இருக்கிறார். 1969இல் பத்திரிகைகளுக்காக உருவான பதவி; 2020 முதல் பிற ஊடகங்களையும் சேர்த்துப் பார்க்கிறார். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

19. தகவல் கொடுத்தால் என் பெயர் வெளியே வந்துவிடுமா?

வெளியிட வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வராது. அதே சட்டத்தின்படி, தகவல் தந்தவரின் பெயரை வெளியிடும் நிருபர்தான் குற்றவாளி. அரசு அலுவலகங்கள் தகவல் தந்தது யார் என்று துருவுவதும் தடை. தேசப் பாதுகாப்பு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு; உங்கள் பேருந்து நிறுத்தத்தின் அவலத்தைச் சொல்ல அவை குறுக்கே வராது.

20. எக்ஸ்பிரஸென்தான் பெரியது என்று மாமனார் சொல்கிறார், ஆஃப்டன்பிளாடெட் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

இருவரும் சரி, அவரவர் காலம். பல பத்தாண்டுகள் எக்ஸ்பிரஸென்தான் நாட்டின் முன்னணி மாலைப் பத்திரிகை. 1990களில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறினார்கள், பத்திரிகை தடுமாறியது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆஃப்டன்பிளாடெட் விற்பனையில் முந்தியது. அதோடு 1994இலேயே இணையத்தில் கால் வைத்து, அந்த முன்னிலையை விடாமல் பிடித்துக்கொண்டது. 1998 இணைப்பை (11ஆம் பதில்) இந்தப் பின்னணியில் பாருங்கள்: கோதன்பர்க், மால்மோ வாசகர்களைச் சேர்த்துக்கொள்வது எதிர்த்தாக்குதலும்தான்.

21. இப்போது எல்லோரும் கைபேசியில் படிக்கிறார்கள். ஜி.டி., க்வெல்ஸ்போஸ்டன் என்ற பெயர்களுக்கு இனி என்ன வேலை?

இணையத்தில் இரண்டும் எக்ஸ்பிரஸென் தளத்துக்குள் தனித்தனிப் பகுதிகளாக இருக்கின்றன. ஸ்டாக்ஹோமில் இருந்துகொண்டே மால்மோவின் செய்தியைப் படிக்கலாம்; பதிப்புகளுக்கிடையே முன்பு சுவராக இருந்த தூரம் இல்லை. அந்த வகையில் "பிராந்தியப் பதிப்பு" என்ற சொல் பாதி அர்த்தம் இழந்துவிட்டது.

பெயருக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதே என் எண்ணம். கோதன்பர்க்கில் ஏதாவது நடந்தால் அங்குள்ளவர் "ஜி.டி.க்குச் சொல்லு" என்கிறார். தகவல் வரும் வாசல் அந்தப் பெயர்தான். அதை இடித்தால் என்ன ஆகும் என்பதை இடாக் காட்டிவிட்டது.

22. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். மேற்கோளில் எந்தப் பெயரைப் போட வேண்டும்?

உங்கள் கையில் இருக்கும் பிரதியின் முதல் பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை. 1998க்குப் பிந்தைய ஜி.டி.யை "எக்ஸ்பிரஸென்" என்று எழுதினால், சரிபார்ப்பவர் ஸ்டாக்ஹோம் பதிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு அந்தச் செய்தியே இல்லை என்பார். பக்க எண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

பழைய இதழ்களுக்கு ஸ்டாக்ஹோமின் அரச நூலகத்துக்குப் போங்கள். 1661 முதல் அச்சகங்கள் அங்கே பிரதி அனுப்ப வேண்டும் என்பது விதி, ஆகவே இருக்கும். ஜி.டி. வரிசையில் 1990களின் தொடக்க ஆண்டுகள் காணவில்லை என்றால் தொலைந்துவிட்டதாக நினைத்து நூலகரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "இடாக்" என்ற பெயரில் தேடுங்கள்.